தவளைத் தோலில் ஒரு சுருள்வாள்

மழை பெய்த ராத்திரியில் எலவனாசூர்கோட்டையில் தவளைச் சத்தம் காதைப் பிளக்கும். போன வாரம் அப்படி ஒரு ராத்திரியில் அப்பா கேட்டார்: "ஏம்பா, தவளையில இருந்து மருந்து எடுக்குறாங்கன்னு ஒருநாள் சொன்னியே, அது வந்துடுச்சா?"

2017 ஏப்ரலில் 'இம்யூனிட்டி' ஆய்விதழில் வந்த கட்டுரையைப் பற்றித்தான் கேட்கிறார். அதை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் பி.இ. முடித்துவிட்டு கோட் எழுதிப் பிழைக்கிறவன், உயிரியல் எனக்குப் பொழுதுபோக்கு. அந்த அளவில் இதை வாசியுங்கள்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளை ஒன்றின் தோல் சுரப்பில் கிடைத்த பெப்டைட், அதாவது 27 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, எச்1 வகை ஃப்ளூ வைரஸை உடைத்துவிடுகிறது. கேரளத்துச் சுருள்வாள் உருமியின் நினைவாக அதற்கு 'உருமின்' என்று பேர் வைத்தார்கள். எலிகளையும் அது காப்பாற்றியது. உடனே "ஃப்ளூவுக்கு மருந்து ரெடி" என்கிற தொனியில் செய்திகள் பறந்தன. நானும் ஃபார்வர்ட் பண்ணினேன்.

கட்டுரை நேர்மையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சிக்கல் நாம் வாசித்த விதத்தில். சோதித்த 32 பெப்டைட்களில் நான்குதான் வைரஸை எதிர்த்தன. அந்த நான்கில் மூன்று மனித ரத்தச் சிவப்பணுக்களையும் கெடுத்தன. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் எச்3 வகையிடம் பலிக்கவில்லை. கிருமியைக் கொல்வது பெரிய விஷயமில்லை, பக்கத்தில் இருக்கும் நம் செல்லை விட்டுவைப்பதுதான் கஷ்டம். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையின் முக்கியமான வரி அதுதான். செய்திகள் அதைத்தான் விட்டுவிட்டன.

இதற்கு முன்கதையும் உண்டு. 1987-ல் மைக்கேல் ஸாஸ்லாஃப், ஆய்வகத் தொட்டியின் அழுக்குத் தண்ணியில் கிடந்தும் தவளைகளின் அறுவைக் காயம் சீழ் பிடிக்காததைக் கவனித்து 'மகைனின்' பெப்டைட்களைக் கண்டுபிடித்தார். பேர், கேடயம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லில் இருந்து வந்தது. அதை ஒட்டிச் செய்த பெக்ஸிகனான் களிம்பைச் சர்க்கரைப் புண்ணுக்குச் சோதித்தார்கள். 1999-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தரவில்லை. 2016-ல் வந்த சோதனை முடிவிலும், மருந்தில்லாத வெறும் களிம்பை அது மிஞ்சவில்லை.

எங்கள் தொழிலில் "என் மெஷின்ல ஓடுதே" என்று ஒரு சாக்கு உண்டு. கிண்ணத்தில் கிருமி சாவது அந்த ரகம். புரதத்தை வெட்டும் என்சைம்கள் நிறைந்த உடம்பில் பெப்டைட் தாக்குப்பிடிக்கணும், ஏற்கெனவே இருக்கும் சிகிச்சையைவிடக் கூடுதலாக ஏதாவது செய்யணும். அந்த இரண்டாம் பரீட்சையைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை.

அப்பாவுக்கு இடது காலில் சர்க்கரைப் புண் இருந்தது. நான் அன்றைக்கு உற்சாகமாகச் சொன்ன தவளைக் கதை, அவர் மனசில் ஒரு நம்பிக்கையாகவே தங்கிவிட்டது. அந்தப் புண்ணை ஆற்றியது என்னவோ தினசரி டிரஸ்ஸிங், சர்க்கரைக் கட்டுப்பாடு, எம்.சி.ஆர். செருப்பு. இதில் எதையும் நான் யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணியதில்லை.

"இன்னும் வரலப்பா" என்றேன். "சரி, அதுவரைக்கும் செருப்பைப் போட்டுக்கிறேன்" என்றார்.