யவன ராணி: சிப்பியும் அலையும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது, கல்லோடு கல்லாக இறுகிப்போன சிப்பிகள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கு அவையே சாட்சி. சிப்பி கையில் இருக்கிறது. அலையை நாம்தான் மனத்தில் எழுப்பிக்கொள்ள வேண்டும். சரித்திர நாவலாசிரியனின் வேலையும் இதுவே. சாண்டில்யனின் ‘யவன ராணி’யில் எது சிப்பி, எது அலை என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

1960களில் ‘குமுதம்’ இதழில் தொடராக வந்த நாவல் இது. புகார்க் கரையில் ஒதுங்கும் யவனப் பேரழகி, சோழப் படைத்தலைவன் இளஞ்செழியன், யவனத் தளபதி டைபீரியஸ், கரிகாலனின் வெண்ணிப் போர் என்று கதை விரிகிறது. வாரந்தோறும் காத்திருந்த வாசகர்கள் அதைக் கொண்டாடினார்கள். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது அந்தத் தலைமுறையின் வழக்கம்.

வரலாறு அறிந்தவர்களின் கேள்வி வேறு. யவனர் வந்ததில் ஐயமில்லை. மன்னனின் பாசறையில் யவனக் காவலரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆனால் புகாரை ஆள வந்த யவன அரசிக்குச் சங்கப் பாடலிலும் சான்று இல்லை, அகழாய்விலும் இல்லை. யவனர் என்ற சொல் முதலில் கிரேக்கரையும் பிறகு ரோமரையும் குறித்தது; டைபீரியஸ் என்பதோ ரோமப் பெயர்.

இலக்கிய விமர்சகர்களின் குறை கலை பற்றியது. சறுக்காத நாயகன், அத்தியாயந்தோறும் ஒரு முடிச்சு, அளவு மீறிய சிருங்கார வர்ணனை ஆகியவற்றைச் சிற்றிதழ் மரபு ஏற்கவில்லை. இவ்வகை எழுத்துக்கு ஜெயமோகன் தரும் பெயர் ‘வரலாற்று மிகுகற்பனை’. வால்டர் ஸ்காட்டும் டூமாவும் வளர்த்து, கல்கி தமிழில் வேரூன்றச் செய்த வகை அது. அந்த அளவுகோலால் அளந்தால், கடற்பயணத்திலும் போர்த்தந்திரத்திலும் ‘யவன ராணி’ நிமிர்ந்தே நிற்கிறது. அதைச் சரித்திரச் சான்றாகக் காட்டுவதுதான் பிழை.

எனக்குள்ள குறை வேறு. வெண்ணியில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். அந்த ஊர்க் குயவர் குலப் பெண் வெண்ணிக் குயத்தியார், வென்ற கரிகாலனை நோக்கியே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டார். நாவலின் நெஞ்சம் வென்றவர் பக்கமே நிற்கிறது. குயத்தியாரின் நெஞ்சம் தோற்றவனிடம் போனது. நம் போர்க்கதைகள் இன்னும் அந்த உயரத்தைத் தொடவில்லை.

‘யவன ராணி’யை ஆசையாகப் படியுங்கள். படித்து முடித்த கையோடு, அந்தச் சேரனைப் பற்றிய புறநானூற்றின் 65, 66-ஆம் பாடல்களையும் எடுத்துப் படியுங்கள்.