புலி முத்திரையும் மத்தின் ஒலியும்

சந்தையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தமிழ் படித்தவர்கள் நாங்கள் பட்டினப்பாலையைத்தான் எடுப்போம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகம், ஓய்வறியாத சுங்க அலுவலர்கள், பொதிமேல் சோழனின் புலி முத்திரை, கூடுதலாக வாங்காமலும் குறைத்துக் கொடுக்காமலும் தொழில் நடத்தும் வணிகர்கள். பொருளியல் பாடநூலின் முதல் அத்தியாயமும் ஏறக்குறைய இதேதான். 1776இல் ஆடம் ஸ்மித் அரசுக்கு மூன்று கடமைகளை ஒதுக்கினார்: நாட்டுக் காவல், நீதி, தனியாருக்கு ஆதாயம் தராத பொதுப்பணிகள். மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும்.

பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையையும் பாடியிருக்கிறார். அங்கே ஓர் ஆய்மகள். பறவைகள் எழும் விடியலில் தயிர் கடைகிறாள். மத்தின் ஒலி புலியின் குரலாகக் கேட்கிறது. தலையில் சுமாடு, அதன்மேல் மோர்ப்பானை. மோரை விற்றுக் கிடைத்ததில் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்க மறுத்து, எருமையும் பசுவும் கன்றுமாகப் பெறுகிறாள். பொன் குட்டி போடாதென்று அவளுக்குத் தெரியும்.

வகுப்பறைகளில் இது முல்லைநில வருணனையாகக் கடந்துபோகிறது. எனக்கு இது பொருளியல். மோர் இன்றைய வயிற்றுக்கு, நெய் நாளைய முதலுக்கு என்று பிரித்தவள் அவள். அதைவிட முக்கியம், கடைவதும் சுமப்பதும் விற்பதும் உண்பிப்பதும் புலவரிடம் ஒரே தொடராக ஓடுகின்றன. நமது தேசிய வருமானக் கணக்கு அதை நடுவில் வெட்டுகிறது: விற்ற மோர் உற்பத்தி, சமைத்துப் போட்ட சோறு கணக்கிலேயே இல்லை.

அவளைச் 'சங்ககாலப் பெண் தொழில்முனைவோர்' ஆக்கும் மேடைப் பேச்சுகள் எனக்கு ஒப்புவதில்லை. அவள் வாங்கிய எருமை யாருடைய உடைமையாயிற்று என்று பாட்டு சொல்லவில்லை. அவள் பானைக்கு முத்திரையும் இல்லை, காவலும் இல்லை.

2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஊதியமில்லாத அவ்வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 2023 செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, உதவித்தொகை என்னாமல் 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். ஆனால் தொடக்கத்தில் வகுத்த நிபந்தனைகளைப் பாருங்கள்: குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது. உரிமை அவளுடையது, அளக்கப்படுவது குடும்பம். கணவனின் சம்பளம் அவள் கைக்கு வருகிறதா என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

ஆய்மகள் விண்ணப்பித்தால் தொகை கிடைக்குமா என்று மாணவியரிடம் கேட்டிருக்கிறேன். எருமைகளை யார் கணக்கில் சேர்ப்பது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.