கல்வெட்டுக்களும் குடிவரலாறும்

யாழ்ப்பாணத்தார் தம் முன்னோரை நினைவுகூர்தற்கு அமைத்துக்கொண்ட நூல்வகைகளுள் ‘கல்வெட்டு’ எனப்படுவது தனியிடம் பெறுவது. கல்லில் வெட்டப்படாது தாளில் அச்சிடப்படுவதாயினும் இப்பெயரே நிலைத்துவிட்டது. முப்பத்தோராம் நாட் கிரியையில் உறவினர்க்கு வழங்கப்படும் இச்சிறு நூலை ஓதுவார் பலர், ஆராய்வார் சிலர். வேலணை முதலிய தீவகத்து ஊர்களிற் குடிவரலாறு எழுதப் புகுவோர்க்கு முதற்கண் கைக்கெட்டுவது இதுவே. ஆதலின், இதன் நிறைகுறைகளை ஈண்டு நோக்குவாம்.

நிறையுள் முதலாவது திதி வெண்பா. ஆண்டு, திங்கள், பக்கம், திதி என்பன யாப்பினுட் கட்டுண்டு நிற்றலின் எளிதில் மாறா. எனினும் ஆண்டுப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீள்வது. ‘பிரபவ’ என்று மட்டும் கூறின், அது 1867இல் தொடங்கியதோ, 1927இல் தொடங்கியதோ, 1987இல் தொடங்கியதோ என்பதனைப் பிற சான்றுகொண்டே துணிதல் வேண்டும்.

குறை தொடங்குவது குலச்சிறப்பு உரைக்கும் பகுதியிலாம். கைலாயமாலையும், ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும், தமிழகத்தினின்று வந்து குடியேறிய தலைவர்களை ஊர்தோறும் வைத்துக் கூறுகின்றன. அத்தலைவருள் ஒருவரைத் தம் குலமுதல்வராகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெரிது. ஆயின், அவருக்கும் பாட்டனாருக்கும் இடைப்பட்ட தலைமுறைகள் எவை என வினவின் விடை வாராது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ அரசர் வரலாற்றையே உரைத்துப் பார்த்தது. அவ்வுரைகல்லில் நம் குடிவரலாற்றை உரைத்துப் பார்க்க நாம் இன்னும் முற்பட்டிலேம். குலப்பெருமை பேசப்படும் வீட்டின் வயலில் உழைத்தோருக்கும் தலைமுறைகள் உண்டு. அவற்றை அச்சேற்றினார் அரியர்.

வாழ்க்கை வரலாற்றுப் பகுதியும் இத்தகையதே. ‘தென்னிலங்கையில் வணிகம் புரிந்து பெரும்பொருள் ஈட்டினார்’, ‘மலாயாவில் உத்தியோகம் பார்த்தார்’ என ஒரு வாக்கியத்தில் நாற்பதாண்டு உழைப்பு அடங்கிவிடும். சுருட்டுக்கடை எந்த ஊரில் இருந்தது, முதல் யார் கொடுத்தது, கடை நொடித்தபோது வீட்டில் உலை வைத்தவர் யார் என்பன கூறப்படா. கொடைவள்ளல் எனப் பத்து இடத்திற் கூறுதலினும், ஒரு கடன்சீட்டின் தொகையை ஓரிடத்திற் கூறுதல் அம்மனிதரை நம் கண்முன் நிறுத்தும்.

இவை யாவற்றினும் பெருங்குறை ஒன்றுளது. வமிசாவளி ஆண்வழியே இறங்குகின்றது. பெண்ணோ ‘இன்னாரின் பாரியார்’ என்ற அளவில் நின்றுவிடுகிறாள். ஆனால், வீடும் வளவும் சென்ற வழி வேறு. 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சொத்துச் சீதனமாகப் பெண்மக்களுக்கும் செல்லுதல் பண்டைய முறை. ஆகவே, ஒரு வளவு தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேர்த்திக்கும் வந்திருத்தல் கூடும். அவ்வழியை அறியவேண்டின் கல்வெட்டை மூடிவைத்து, நொத்தாரிசு முடித்த சீதனவுறுதியைத் திறத்தல் வேண்டும். காணிப் பெயரும், நாற்றிசை எல்லைக்குரியோர் பெயரும் அதன்கண் உள. கல்வெட்டு மறந்த பாட்டியை உறுதி மறக்கவில்லை.

இவ்வாறு குறைபல கூறினும், கல்வெட்டை எளிதென எண்ணுதல் தகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1990இல் இராணுவ நடவடிக்கையின்போது தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். பெட்டகத்து உறுதிகளையும் சுவரிலிருந்த படங்களையும் எல்லோராலும் எடுத்துச் செல்ல இயன்றதில்லை. ஓரிடத்துக் குவிந்திருந்தவை ஒருங்கே அழிந்தன. ஆனால், உறவினர் கைதோறும் பரவிய கல்வெட்டின் ஒரு படியேனும் கொழும்பிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ எஞ்சுதல் கூடும். 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் இத்தகைய நினைவு வெளியீடுகளையும் மின்வடிவிற் பேணிவருதல் பாராட்டற்பாலது.

எனவே, இனிக் கல்வெட்டு எழுதுவோர் புகழ்ச்சியில் ஒரு பக்கத்தைக் குறைத்து, தாய்வழியையும், காணிப் பெயர்களையும், சென்ற ஊர்களையும், இயன்றவரை ஆங்கில ஆண்டையும் சேர்ப்பாராக. கேட்டறிந்ததைக் ‘கேட்டது’ என்றும், உறுதியிற் கண்டதைக் ‘கண்டது’ என்றும் பிரித்தெழுதுவாராக. மாணவர்களே! இறந்தபின் எழுதும் வரலாற்றுக்கு வேண்டிய செய்தி, இருக்கும்போதே கேட்கவேண்டியது. வேலணையைக் கண்டறியாத பேரன் ஒருவன் நாளை இவ்வேட்டைப் புரட்டும்பொழுது, தன் முன்னோர் மேலோர் என்பதனினும், அவர் யாவர் என்பதனையே முதலில் தேடுவான்.