ஹாம்பர்க் பயணியர் பட்டியல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய மூதாதை ஒருவரின் வாழ்வைத் தேடுவோருக்கு முதலில் தெரிய வேண்டியது அவரது சொந்த ஊர். ஜெர்மனி முழுமைக்குமான அரசுப் பதிவு 1876-இல்தான் தொடங்கியதால், அதற்கு முந்தைய பிறப்பும் மணமும் இறப்பும் பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தேவாலயப் பதிவேடுகளிலேயே உள்ளன. அமெரிக்கத் துறைமுக ஆவணங்கள் பலவும் ‘பிரஷ்யா’ என்றோ ‘ஜெர்மனி’ என்றோ எழுதி நிறுத்திவிட, 1850 முதல் 1934 வரையிலான ஹாம்பர்க் பயணியர் பட்டியல்களோ பெயர், வயது, தொழில் ஆகியவற்றோடு பயணி புறப்பட்ட ஊரையும் குறிக்கின்றன. நேரே கடல் கடந்தவர்களுக்கு ஒன்றும், இங்கிலாந்து போன்ற நாடுகளின் துறைமுகங்களில் கப்பல் மாறியவர்களுக்கு மற்றொன்றுமாக இரு வரிசைகள் நெடுங்காலம் பேணப்பட்டன.

இவற்றின் அழகு எழுத்தர்களின் கைவண்ணத்திலும் உண்டு. ‘குர்ரெண்ட்’ எனப்படும் பழைய ஜெர்மானியக் கூட்டெழுத்தில் ‘என்’, ‘யு’ என்னும் இரு எழுத்துகளும் ஒரே வடிவில் அமைவதால், ‘யு’வின் தலைமேல் ஒரு சிறு வளைகோடு இடப்படும், அதைக் கவனியாதவர் ஊர்ப்பெயரையே மாற்றிப் படித்துவிடுவார்.

பிரேமன் துறைமுகத்தின் பழைய பட்டியல்கள் இடநெருக்கடியாலும், பின்னர் இரண்டாம் உலகப்போரிலும் அழிந்துபட்டன. அந்த இழப்போடு ஒப்பிடும்போதே ஹாம்பர்க் ஏடுகளின் அருமை விளங்கும்: துறைமுக நிர்வாகத்திற்காக நிரப்பப்பட்ட ஒரு கட்டம், கடலின் இரு கரைகளிலும் கிடக்கும் ஆவணங்களை ஒரே மனிதருக்கு உரியவையாக இணைத்துத் தருகிறது.