மறுத்த மரத்தின் நிழலில்: அமெரிக்காவில் ஒரு லத்தீன் குருக்கள் சபை

லத்தீன் மொழியில் பூசை வைக்கும் குருக்களைப் பற்றி எம்மத்தியில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு விதமான எதிர்வினைகளையே நான் கேட்டிருக்கிறேன். மத்திய காலத்தின் மிச்சசொச்சங்கள், இரண்டு தலைமுறையில் தாமாகவே அழிந்துபோவார்கள் என்பது இடதுசாரி நண்பர்களின் தீர்ப்பு. தங்கள் பாரம்பரியத்தை எப்படிக் கட்டிக்காக்கிறார்கள் பார், எங்கட ஆட்களுக்கு அந்த ரோசம் இல்லையே என்பது மற்றத் தரப்பின் பெருமூச்சு. அழிந்துபோவார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அரை நூற்றாண்டு கடந்தும் அழியவில்லை, வளர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கட்டிக்காப்பதாகச் சொல்லும் பாரம்பரியமோ அவர்கள் சொல்லுமளவுக்கு மாறாத ஒன்றுமல்ல. இவர்கள் எங்கே, எதன் தயவில் வளர்ந்தார்கள் என்ற கேள்வியை இரு தரப்பும் கேட்பதில்லை. எனக்கு அதுவே முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

நான் இங்கு எடுத்துக்கொள்வது 10ம் பத்திநாதர் குருக்கள் சபையை. அதன் ஸ்தாபகர் மார்செல் லெபெவ்ர் (1905-1991) வட பிரான்சைச் சேர்ந்தவர். கபோனில் மிஷனரியாக இருந்து, பின்னர் செனகலில் டக்கார் பேராயரானவர். செனகல் சுதந்திரமடைந்து இரண்டு வருடங்களின் பின், 1962இல், அப்பதவி ஹயாசிந்த் தியாந்தூம் என்ற ஆபிரிக்கரிடம் கைமாறியது. அதே ஆண்டில்தான் ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடத் தொடங்கியது. காலனியத்தின் பின்வாங்கலையும் திருச்சபையின் மாற்றத்தையும் லெபெவ்ர் ஒரே சரிவின் இரு முகங்களாகவே கண்டார் என்பது என் வாசிப்பு.

1970 நவம்பர் 1ம் திகதி சுவிசின் பிறிபூர் நகரில் அந்த மறைமாவட்ட ஆயரின் அனுமதியோடுதான் சபை ஆரம்பமானது. வலே மாநிலத்தின் எக்கோனில் குருமடம் அமைந்தது. 1975இல் அனுமதி வாபஸ் பெறப்பட்டது. மறுவருடம் ரோமின் தடையை மீறிக் குருப்பட்டம் கொடுத்ததற்காக லெபெவ்ர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1988 ஜூன் 30ம் திகதி பாப்பரசரின் ஆணையின்றி நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்தபோது ரோம் அவரையும் அந்நால்வரையும் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என அறிவித்தது. நால்வர் மீதான தண்டனையை 16ம் ஆசீர்வாதப்பர் 2009இல் நீக்கினார். அந்த நால்வரில் ஒருவரான றிச்சர்ட் வில்லியம்சன் நாசிகளின் யூத இனப்படுகொலையை மறுத்துப் பேசிய பேட்டி சுவீடன் தொலைக்காட்சியில் வெளியானதும் அதே நாட்களில்தான். சபை 2012இல் அவரை வெளியேற்றியது.

லத்தீனை இழந்த காயத்தை நான் ஏளனம் செய்யப்போவதில்லை. எழுத வாசிக்கத் தெரியாத என் அம்மம்மா லத்தீன் செபங்களை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லுவா. அவவுக்கு அர்த்தம் தெரியாது; ஆனால் அது அவவுடையதாக இருந்தது. சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம் லத்தீனை ஒழிக்கச் சொல்லவில்லை. மக்கள் மொழிகளுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. 1969இல் 6ம் சின்னப்பர் புதிய பூசைமுறையைப் பிரகடனம் செய்தபோது மாற்றம் மேலிருந்து ஆணையாக வந்தது. ஜனநாயகத்தின் பெயரால் வந்த சீர்திருத்தம் சனங்களைக் கேட்காமல் வந்தது. இந்த முரணைச் சுட்டிக்காட்டிய அளவில் லெபெவ்ரின் ஆதரவாளர்களிடம் நியாயம் இருந்தது.

ஆனால் லத்தீன் மட்டும்தான் பிரச்சினை என்றால் விடயம் எப்போதோ முடிந்திருக்கும். 1984இலிருந்து ரோம் படிப்படியாகப் பழைய பூசைக்கு அனுமதி கொடுத்தது. 2007இல் 16ம் ஆசீர்வாதப்பர் அதை மிகத் தாராளமாக்கினார். 2021இல் பிரான்சிஸ் அதை மீண்டும் இறுக்கிக் கட்டினார். கதவு அகலத் திறந்திருந்த அந்தப் பதினான்கு வருடங்களிலும் பத்திநாதர் சபை உள்ளே வரவில்லை. ஏனெனில் அதன் அடிப்படை மறுப்பு மொழியைப் பற்றியதல்ல. 1965 டிசம்பர் 7ம் திகதி வெளியான மத சுதந்திரப் பிரகடனத்தைப் பற்றியது. எந்த மனிதரையும் மத விடயத்தில் அரசு நிர்ப்பந்திக்கக்கூடாது என்றது அப்பிரகடனம். பிழைக்கு உரிமை கிடையாது, கத்தோலிக்க அரசே இலட்சிய அரசு என்ற பழைய போதனையில் லெபெவ்ர் நின்றார். கிறிஸ்துவின் முடியைப் பறித்துவிட்டார்கள் என்பதே அவர் 1987இல் வெளியிட்ட நூலின் தலைப்பு. பிரான்சில் முஸ்லிம் குடியேறிகளைப் பற்றிப் பேசியவற்றுக்காக 1990இல் நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்ததும் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான்.

இப்போது அட்லாந்திக்கைக் கடந்து போவோம். மத சுதந்திரப் பிரகடனத்தின் உருவாக்கத்தில் முக்கிய பங்காற்றியவர்களில் ஒருவர் ஜோன் கோர்ட்னி மறே என்ற அமெரிக்க யேசு சபைக் குரு. அரசுமதம் இல்லாத ஒரு நாட்டில் கத்தோலிக்கம் தழைத்த அனுபவத்திலிருந்து அவர் வாதிட்டார். அதே அனுபவத்தை 13ம் சிங்கராயர் 1895இல் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய சுற்றுமடலில் வேறு விதமாக வாசித்திருந்தார்: அங்கு திருச்சபை தடையின்றி வளர்வது உண்மை, ஆயினும் சட்டத்தின் சலுகையும் அரசின் ஆதரவும் கிடைத்தால் இன்னும் அதிக பலன் தரும் என்பது அவர் கருத்து. பத்திநாதர் சபை 13ம் சிங்கராயரின் பக்கம். ஆனால் அது போய் வேர்விட்டதோ மறேயின் நாட்டில்.

சபையின் அமெரிக்கக் குருமடம் மிச்சிகனில் தொடங்கி, கனெற்றிக்கட்டின் றிட்ஜ்பீல்ட், 1988இல் மினசோட்டாவின் வினோனா என்று இடம்பெயர்ந்து, 2016இல் வேர்ஜினியாவின் டில்வினில் பெரிய புதிய கட்டிடத்துக்குப் போனது. அதைவிட முக்கியமான இடம் கன்சாஸ் மாநிலத்தின் சென்ற் மேரிஸ். 1838இல் இந்தியானாவிலிருந்து துப்பாக்கி முனையில் துரத்தப்பட்ட பொட்டவாட்டமி பழங்குடி மக்களின் பின்னால் வந்த யேசு சபையினர் 1848இல் அங்கு மிஷன் அமைத்தார்கள். அது கல்லூரியாகவும் பின்னர் குருமடமாகவும் மாறி, 1967இல் யேசு சபையினர் வெளியேற வெறுமையானது. 1978இல் பத்திநாதர் சபை அவ்வளாகத்தைப் பெற்றது. அதே வருடம் அங்கிருந்த பழைய ஆலயம் தீயில் எரிந்தது. 2023 மே மாதம் அதற்குப் பதிலாக ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அமரக்கூடிய புதிய ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. 2020 குடிசன மதிப்பீட்டின்படி அவ்வூரின் சனத்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு என்பதை நினைவில் கொண்டால் இது எத்தகைய வளர்ச்சி என்று விளங்கும்.

இது அயலவரை மனம்மாற்றி வந்த வளர்ச்சி என்பதைவிட ஒன்றுதிரண்டு வந்த வளர்ச்சி என்பதே பொருத்தம். நாட்டின் வேறு பகுதிகளில் தனித்துப்போனதாக உணர்ந்த குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் விட்டு வந்து ஆலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் சுற்றிக் குடியேறின. பிள்ளைகள் அதிகம். பள்ளிக்கூடம், பூசை, விளையாட்டு, கலியாணம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள். உள்ளே இருப்பவருக்கு இது உண்மையான அரவணைப்பு. அயலவரின் பெயர்கூடத் தெரியாத அமெரிக்கப் புறநகர் வாழ்க்கையைவிட மனிதத்தன்மையானது என்றுகூட ஒருவர் வாதாடலாம். புகலிடத்தின் தனிமையை அறிந்த எமக்கு இந்த ஈர்ப்பு விளங்காததல்ல.

ஆனால் இந்த வட்டத்தின் சுவர்களைக் கட்டிக்கொடுத்தது எது? எந்த மதத்தையும் அரசமதமாக்காத அமெரிக்க யாப்பு. மத நிறுவனங்களுக்கு வரிவிலக்குக் கொடுக்கும் சட்டம். பிள்ளைகளை அரச பாடசாலைக்குத்தான் அனுப்பவேண்டுமென்ற ஒரேகன் மாநிலச் சட்டத்தை, கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்று தொடுத்த வழக்கில் செல்லாததாக்கிய 1925ம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு. உள்ளூர் ஆயர் அங்கீகரிக்காவிட்டாலும், ரோம் தண்டித்தாலும், ஆலயம் கட்டுவதைத் தடுக்க அங்கு எந்தப் பொலிசுக்கும் அதிகாரமில்லை. லெபெவ்ர் இலட்சியமாகக் கண்ட கத்தோலிக்க அரசொன்று கன்சாஸில் இருந்திருந்தால், 1988இன் பின் அந்த அரசு ரோமின் வேண்டுகோளை ஏற்று இவர்களது கதவுகளை இழுத்துப் பூட்டியிருக்கும். ஆக, சபையின் வளர்ச்சியே சபையின் போதனைக்கு மறுப்பு. எந்த மரத்தை வெட்டவேண்டும் என்று போதிக்கிறார்களோ அந்த மரத்தின் நிழலில்தான் பாய் விரித்திருக்கிறார்கள்.

இதற்கு அவர்களிடம் பதில் இல்லாமலில்லை. சிறுபான்மையாக இருக்கும்போது கிடைக்கும் சுதந்திரத்தைப் பயன்படுத்துவது விவேகம், பெரும்பான்மையாகும்போது உண்மைக்குரிய இடத்தை அரசு கொடுக்கவேண்டும் என்பது பழைய இறையியல் பாடம். தர்க்கரீதியாக இது ஒழுங்கானதுதான். ஆனால் இந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்துகிறது. 2022இல் சபையின் விசுவாசிகள் செல்வாக்குப் பெற்றிருந்த சென்ற் மேரிஸ் நகரசபை, பொது நூலகத்தின் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஒருபாலுறவினர், பால்மாறியோர் பற்றிய நூல்களை அகற்றவேண்டும் என்ற நிபந்தனையை முன்வைத்தது. எதிர்ப்பு எழுந்தபின் ஒரு வருடத்துக்குக் குத்தகை நீடிக்கப்பட்டது. 2008இல் சபையின் பள்ளிக்கூடம் ஆண்பிள்ளைகளின் கூடைப்பந்தாட்டத்துக்கு வந்த பெண் நடுவரைக் கடமையாற்ற விடவில்லை. பெண்களுக்கு மரியாதை செய்யப் பழக்குகிறோம் என்று விளக்கம் வேறு! ஒரு சிற்றூரில் பெரும்பான்மையானதும் நடந்தது இது.

உள்ளே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாதபோது என்ன நடக்கும் என்பதையும் இச்சபையின் வரலாறே சொல்கிறது. 1983இல் அமெரிக்காவில் ஒன்பது குருக்கள் லெபெவ்ரிடமிருந்து பிரிந்தார்கள். 23ம் அருளப்பர் 1962இல் வெளியிட்ட பூசைப்புத்தகத்தை ஏற்கமுடியாது, அதற்கு முந்தியதுதான் கலப்படமற்றது என்பது அவர்களது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 5ம் பத்திநாதர் 1570இல் நிலைநாட்டிய பூசை மாறவேயில்லை என்ற கதை சபைக்குள்ளேயே இப்படி உடைந்தது. 12ம் பத்திநாதர் 1955இலேயே பெரிய வாரச் சடங்குகளை மாற்றியிருந்தார். பிரிந்தவர்களும் பிரியாதவர்களும் ஆலயச் சொத்துகளுக்காக அதே மதச்சார்பற்ற நீதிமன்றங்களின் படியேறினார்கள். 1988இல் பன்னிரண்டு குருக்கள் மறுபக்கமாகப் பிரிந்து ரோமுடன் இணங்கி இராயப்பர் சபையை அமைத்தார்கள். 2012இல் வில்லியம்சனைச் சுற்றி இன்னொரு பிரிவு. கீழ்ப்படிதலைக் காப்பாற்றக் கீழ்ப்படிய மறுத்தவர்களின் சபையில், அடுத்த கீழ்ப்படியாமைக்குக் கிடைத்த ஒரே பெயர் துரோகம். இந்தச் சொல்லின் பாரத்தை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பாளையங்கோட்டையிலும் இச்சபைக்கு ஓர் இல்லம் உண்டு. அதனால் இது வெள்ளைக்காரரின் வீட்டுச்சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் வெறுக்கும் அச்சங்கத்தின் பயனாகவே இலங்கைத் தேவாலயங்களில் பூசை தமிழில் ஒலித்தது. அந்தத் தமிழ்ப் பூசைதான் அகதிகளோடு ஐரோப்பாவுக்கு வந்தது. ஜேர்மனியின் கேவலார் திருத்தலத்தில் கோடையில் கூடும் தமிழர் யாத்திரையில் சைவர்களும் பெருமளவில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். புதிய நாட்டில் ஒரு வழிபாடு வளரக்கூடிய இன்னொரு விதம் அது. அங்கு யாரும் பிழையின் உரிமையைப் பற்றி விசாரிப்பதில்லை.

ஆயினும் அதைக் காட்டி நாம் தப்பிவிட முடியாது. ஐரோப்பியச் சங்கச் சட்டங்களின் கீழ் பதிவுசெய்து, மாநகரசபை மண்டபத்தில் கூடி, உள்ளே வருபவரின் ஊரையும் சாதியையும் விசாரிக்கும் அமைப்புகள் எம்மிடமும் உண்டு. ஒடுக்கப்பட்டோம் என்று அகதி விண்ணப்பம் எழுதிய கையாலேயே மகளின் காதல் கடிதத்தைக் கிழிப்பவர்கள் உண்டு. வெளியே உரிமை, உள்ளே ஒழுங்கு என்ற இந்தக் கணக்கு கன்சாஸில் மட்டும் போடப்படுவதில்லை.

லத்தீன் பூசை வைக்கும் குருக்களின் உரிமைக்காக நான் வாதாடுவேன். 2021இல் பிரான்சிஸ் விதித்த கட்டுப்பாடுகள் தேவையற்றவை என்றே கருதுகிறேன். ஒரு கிழவி தன் செபத்தைத் தான் பழகிய மொழியில் சொல்வதை ரோம் தடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த உரிமையைக் கோருபவரிடம் ஒரு கேள்வி கேட்கும் உரிமை எனக்கும் உண்டு: உங்கள் ஊரில் நீங்கள் பெரும்பான்மையானபின், உங்கள் மகள் உங்கள் பூசைக்கு வரமாட்டேன் என்று சொன்னால், அவள் அதே தெருவில் தலைநிமிர்ந்து குடியிருக்க முடியுமா? ஆலயத்தின் இருக்கைகளை எண்ணி ஒரு சமூகத்தின் வளர்ச்சியை அளப்பவர்கள் அளக்கட்டும். நான் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக் கொண்டே அளப்பேன், கன்சாஸிலும் எங்கள் மண்டபங்களிலும்.