கோவிவன் என்னும் நாய்

வீட்டு நாய் இறந்தால் அழலாமா என்று ஜொகூர்த் தமிழர் எவரும் இலக்கணம் பார்த்து அழுவதில்லை. ஆனால் அவ்வீட்டுச் சிறுவன் தமிழ்ப்பள்ளிக் கட்டுரை ஏட்டில், “எங்கள் மணி போய்விட்டான்” என்று எழுதினால், அங்கே இலக்கணம் குறுக்கிடும். ‘போய்விட்டான்’ என்பதை அடித்து, ‘இறந்துவிட்டது’ என்று சிவப்பு மையால் திருத்தத் தோன்றுவது இயல்பே. நாய் அஃறிணையாயிற்றே!

அத்திருத்தம் வேண்டுவதுதானா? உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வரினும் ஏற்கலாம் என்று நன்னூல் வழுவமைதி கூறுகிறது. பசுவைத் தாயென அழைத்து, ‘வந்தாள்’ என்று முடிக்கும் எடுத்துக்காட்டை வகுப்பில் சொல்லாத ஆசிரியர் அரியர். பசுவுக்குத் தந்த இடத்தை நாய்க்கு மறுக்க நூற்பாவில் சொல்லில்லை. மறுப்பது நம் வழக்கமே.

அவ்வழக்கம் நன்னூல் சொன்ன கடைசிக் காரணத்தையே பெரிதும் பற்றி நிற்பது. மனிதனை இகழ நாய் என்கிறோம். மாணிக்கவாசகரோ தம்மை நாயினும் கடைப்பட்டவராகக் கூறிக்கொள்கிறார். அங்கே தாழ்வு மட்டுமே பேசப்படுகிறது என்று உரை சொல்லி நகர்வது போதாது. தலைவனின் வாயிலை விட்டுப் போகத் தெரியாமையும் அச்சொல்லில் உண்டு. நாலடியார் இதனை இன்னும் வெளிப்படையாகக் கண்டது. பழகிய பாகனையே கொல்லும் யானையினும், எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கவும் வால் குழைக்கும் நாயே நட்புக்குச் சான்று என்பது அதன் துணிபு.

எனினும் புகழ்தல் வேறு, பிரிவுக்கு வருந்துதல் வேறு. பாரதத்தின் இறுதியில் தருமன் தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுத் துறக்கம் புக மறுக்கிறான். இதனினும் உயர்ந்த இடம் நாய்க்கு எக்காப்பியத்தில் கிடைத்தது? ஆயினும் அந்நாய் அறக்கடவுளாக மாறிவிடுகிறது. நாயாகவே அதற்காக வருந்த வாய்ப்பில்லாது போகிறது. வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவங்களோடு நின்றுவிட்டமையின், அந்நூலில் இக்காட்சிக்கே இடமில்லை. கிரேக்க ஓமரின் காவியம் இவ்வகையில் நேர்மையானது. இருபது ஆண்டு கழித்து மாறுவேடத்தில் மீளும் ஒடிசியசை ஆர்கோசு என்னும் கிழ நாய் அறிந்து, வாலசைத்து, உயிர் விடுகிறது. தன்னை வெளிப்படுத்திக்கொள்ள இயலாத தலைவன் கண்ணீரை மறைத்துத் துடைத்துக்கொள்கிறான். நாய் கடைசி வரை நாயே.

தமிழில் இதற்கு ஈடு தேடுவார் ஏட்டை விட்டுக் கல்லுக்குப் போதல் வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பெற்ற கல் ஒன்றுண்டு. எருமைகளின் பொருட்டு வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. வீரனின் செய்தி முடிந்த பின் ஒரு தொடர் கூடுதலாக வருகிறது: கோவிவன் என்னும் நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்திருந்தது என்பதே அச்செய்தி.

புலம்பல் இல்லை, அடைமொழி இல்லை, நன்றியுள்ள விலங்கு என்ற பாராட்டும் இல்லை. பெயரும் செயலும் மட்டுமே உள்ளன. எதனைக் காத்திருந்தது, எருமைகளையா, தலைவன் உடலையா? கல் விளக்கவில்லை. விளக்காமையே அதனை உயர்த்துகிறது. நாய் மாண்டதாகவும் கல் சொல்லவில்லை. ஈண்டு விடை கொடுத்தது மனிதன் அன்று, நாயே எனலாம். பெயரையும் நோக்குக. ‘கோவிவன்’ என னகர ஈறு பெற்று ஆண்மகன் பெயர் போல் நிற்க, அதனை அடுத்தே ‘நாய்’ என்ற சொல்லும் நிற்கிறது. மணியைப் ‘போய்விட்டான்’ என்னும் சிறுவனின் துணிவு இதற்கு அயலானதன்று.

கன்னட நாட்டு ஆதகூர்க் கல்லோ துயரத்தை மறைக்கவில்லை. 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். வென்றவர் பக்கம் நின்ற மணலேரன், பரிசாகத் தன் அரசனிடம் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டை நாய். பின்னர் ஒரு பெருங் காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் காளியும் ஒருங்கே மாண்டன. கோயிலின் முன் காளிக்குக் கல் நட்டு நிலமும் விட்டனர். சோழர்க்குப் பேரிழப்பான ஒரு போரின் செய்தியும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில் இடம்பெற்றிருப்பதை வரலாற்று நூலார் போருக்காகவே எடுத்தாள்வர். தமிழாசிரியர் நாய்க்காகவும் படிக்கலாம்.

ஜொகூரில் இன்று கல் நட இடமேது? இரப்பர்த் தோட்ட வரிசை வீடுகளில் வாசலோடு வளர்ந்த நாய்க்கு, அடுக்குமாடி வீட்டில் புதைக்கவும் மண்ணில்லை. எஞ்சியது அந்தக் கட்டுரை ஏடு. அதில் முதலில் அடிபடுவது ‘போய்விட்டான்’; அடுத்து, “பொதுவாக எழுதுக” என்ற குறிப்புடன் மணி என்ற பெயரும் அடிபட்டால், திருத்திய தாளில் இருப்பது யாருடைய நாய்?