உணவு நீதியும் சித்திரமும்: படத்தில் குற்றவாளி யார்?

ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த வீடு இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அவர் பிறந்தது 1878 டிசம்பர் 10ஆம் நாள். இப்பகுதியை உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தையும் அண்டை நாடாகிய மைசூரையும் வாட்டி வதைத்த தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பஞ்சத்தின் இறுதியில் பிறந்த அக்குழந்தை வாழ்நாள் முழுவதும் புலால் உண்ணாதவராக வாழ்ந்தது. பசித்தவனுக்கு உணவு உண்டா என்பது ஒரு கேள்வி. உண்ணும் உணவில் கொடுமை கலந்துள்ளதா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே கேட்கும் சித்திரம் எது? ஞாயிறு பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் படங்களைக் கொண்டே போதிக்கும் நாம் இதனை எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதற்படம் இப்பகுதிக்கு மிக அண்மையது. 1877 அக்டோபர் 20ஆம் நாள் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில், பெங்களூரில் நிவாரணத்திற்காகக் காத்திருக்கும் மக்களின் படம் வெளிவந்தது. இத்தகைய படங்கள் ஆங்கில மக்களின் மனத்தைக் கரைத்தன. லண்டனில் திரட்டப்பட்ட நிதிக்குப் பெருந்துணை செய்தன. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் படத்தில் இருப்போர் பசித்தோர் மட்டுமே. கடினமாக உழைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று அவ்வாண்டில் விதித்த சர் ரிச்சர்டு டெம்பிள் அதில் இல்லை. பஞ்ச காலத்திலும் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட தானியக் கப்பல்களும் இல்லை. பார்ப்பவரின் உள்ளத்தில் இரக்கம் எழுகிறது, விசாரணை எழவில்லை. நம் சபைகளின் நிவாரணச் சுற்றறிக்கைப் படங்களுள் பெரும்பாலானவை இன்றும் இவ்வகையினவே.

இரண்டாம் படம் உயிர்க்கொலைக்கு எதிரானது. எண்பத்து நான்கு தேவர்களைத் தன் உடலில் தாங்கிய பசுவை ரவிவர்மா அச்சகம் வண்ணப்படமாக வெளியிட்டது. இதையொத்த படங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பசுப் பாதுகாப்பு இயக்கத்தாரால் பரப்பப்பட்டிருந்தன. பசுவின் பாலைப் பெற மக்கள் காத்திருக்கின்றனர். எதிரே விலங்கு முகத்துடன், உருவிய வாளேந்தி ஓர் உருவம் பாய்ந்து வருகிறது. அது கலியுகத்தைக் குறிப்பது என்று விளக்கம் கூறப்பட்டது. ஆனால் பார்த்தவர் பலர் அதில் இஸ்லாமியரையே கண்டனர். 1893இல் வட இந்தியாவில் பசுவின் பெயரால் மூண்ட கலவரங்களுக்குப் படங்கள் மட்டுமே காரணம் என்று கூறுதல் மிகையாகும். எனினும் விலங்கிற்கு இரங்கச் சொல்லும் படம் மனிதனை விலங்காக வரைந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. காந்தியடிகள் பசுவின்பால் அளவற்ற பக்தி கொண்டவர். அவரே 1947 ஜூலையில், பசுவதையைச் சட்டத்தால் தடை செய்வது பிற சமயத்தார்மீது செலுத்தும் வற்புறுத்தலாகும் என்று வழிபாட்டுக் கூட்டத்தில் எடுத்துரைத்தார்.

இதனைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் இயலவில்லை. இப்பகுதிச் சபையொன்றின் அறுப்பின் பண்டிகைக்கு இறையியல் மாணவர் ஒருவர் சுவர்ப்படம் வரைந்திருந்தார். கண்ணீர் வடிக்கும் கன்று. அதன் பின்னே கத்தியுடன் கறுத்த மேனியன் ஒருவன். வரைந்தவர் நல்லெண்ணம் உடையவர். கோடுகளில் திறமையும் இருந்தது. ஆராதனை முடிந்தபின் கறிக்கடை வைத்திருப்பவரின் மனைவி என்னிடம் வந்து, "ஐயா, அது எங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. என்னிடமும் விடை இல்லை.

அன்றிரவு 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். நாத்தான் தீர்க்கன் அரசன்முன் தீட்டியதும் ஒரு சித்திரமே. ஏழை ஒருவன் தன் உணவையும் பாத்திரத்தையும் பகிர்ந்து, மகளைப் போல் மடியில் வளர்த்த ஆட்டுக்குட்டி. மந்தைகள் பல உடையவன் தன் விருந்தினனுக்காக அதனைப் பிடித்துச் சமைக்கிறான். உரையாசிரியர்கள் வழக்கமாக உரியா விவகாரத்திற்கு விரைந்து சென்றுவிடுகின்றனர், ஆட்டுக்குட்டியின்மேல் நிற்பதில்லை. அங்கே ஏழையின் உரிமையும் உயிரின் மென்மையும் ஒரே தட்டில் வைத்து உண்ணப்படுகின்றன. மேலும், ஆட்டை அறுத்த வேலைக்காரனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கதையின் விரல் விருந்து படைத்தவனை நோக்கியே நீளுகிறது. பின்னர் கதை கேட்டவன்மீதே திரும்புகிறது. உணவைப் பற்றிய எச்சித்திரத்தையும் மதிப்பிட இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவுகோலுக்கு ஏறத்தாழ ஈடுகொடுப்பவர் ஃபிரிட்ஸ் ஐகன்பர்க். 1901இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் குவேக்கராக வாழ்ந்தவர். டாரதி டே நடத்திய 'கத்தோலிக்க வொர்க்கர்' இதழுக்காக அவர் மரக்கட்டையில் செதுக்கிய படத்தில், இலவச உணவுக்காக ஏழைகள் வரிசையாகக் குளிரில் நிற்கின்றனர். கிறிஸ்து அவ்வரிசையின் நடுவே நிற்கிறார். உணவு வழங்குபவராக அன்றி, பெறுபவராக நிற்கிறார். 1877ஆம் ஆண்டுப் படத்தில் இல்லாதது இதுவே. ஏசாயா கண்ட அமைதியின் அரசையும், பாலகனைச் சூழ்ந்த விலங்குகளோடு இதே கலைஞர் செதுக்கினார். ஆயினும் அது வேறொரு தாளில் நிற்கிறது. வரிசையில் நிற்பவனின் பசியும் விலங்கின் சமாதானமும் அவருடைய உளியில்கூட ஒன்றுசேரவில்லை என்பதே என் குறை.

ஒன்றுசேர்ப்பது எளிதன்று என்பதை நம் எல்லைப்புறம் நன்கு அறியும். தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. 2010இல் அது வாரத்திற்கு ஐந்தாக உயர்ந்தது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில், 2021 இறுதியில் வட மாவட்டப் பள்ளிகளில் முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். கூலித்தொழிலாளியின் பிள்ளைக்கு அம்முட்டை வேண்டும். இதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நாமக்கல் பண்ணைகளின் கம்பிக் கூண்டுகளில், சிறகை விரிக்கவும் இடமின்றி நெருக்குண்டு கிடக்கும் கோழியும் அம்முட்டைக்குப் பின்னால் உண்டு. கூண்டை மட்டும் வரைபவர் பிள்ளையின் தட்டைப் பறிக்கிறார். தட்டை மட்டும் வரைபவர் கோழியை மறைக்கிறார்.

அம்மாணவர் தம் படத்தைத் தாமே கழற்றினார். அடுத்த மாதம் பென்சிலால் வரைந்த வேறொன்றைக் கொண்டுவந்து காட்டினார். இடப்புறம் கூண்டு, வலப்புறம் தட்டேந்திய சிறுமி, நடுவில் நீண்ட மேசையும் வெறும் நாற்காலிகளும். நாற்காலிகளில் யாரை வரைவது என்று கேட்டார். கறிக்கடைக்காரர் வீட்டிற்குச் சென்று, அவர்களோடு அமர்ந்து பேசிவிட்டு வரையும்படி சொல்லியனுப்பினேன். படம் இன்னும் முடியவில்லை.